விரலை எடுக்காதீர்கள்

ஜூன் 2, திங்கள்

காலை மீட்டிங்கில் என் முறை வந்தபோது, "பட்டனைப் பார்க்கிறேன் சார்" என்றேன். எனக்கே கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற ஷாஹிதா அக்கா, "கோகிலவாணி பட்டனைப் பாக்கறாளாம்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "பேர்ல மட்டும்தான் குயிலு" என்றார் டீம் லீட் பிரசன்னா. சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு பாத்ரூமில் போய் அதே வாக்கியத்தைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். அங்கே நன்றாகத்தான் வருகிறது.

பட்டன் விஷயம் இதுதான். எங்கள் ஆபீஸ் பனியன் கம்பெனிகளுக்கு சாஃப்ட்வேர் செய்து கொடுக்கிறது. ஒரு பெரிய கம்பெனியில் எங்கள் ஆப் டேப்லெட்டில் ஓடுகிறது. சாயங்கால டீ நேரத்தில் ஒவ்வொருவரும் தங்கள் அட்டையைக் காட்டி, இன்றைக்கு ஒன்றரை ஷிப்ட் இருக்கிறார்களா, ஒரு ஷிப்டோடு வீட்டுக்குப் போகிறார்களா என்று சொல்ல வேண்டும். பச்சையில் 'சம்மதம்', சிவப்பில் 'வேண்டாம்'. வெளிநாட்டில் துணி வாங்குகிறவர்கள் யாரையும் கட்டாயப்படுத்தி நிறுத்தவில்லை என்பதற்கு அத்தாட்சி கேட்கிறார்கள். அதற்காகத்தான் இந்த ஆப். பட்டன் சரியாக அமுங்குவதில்லை என்று புகார்.

என் ப்ரொபேஷன் இந்த மாதத்தோடு முடிகிறது. "இதை ஒழுங்கா முடிச்சுக் குடு. கன்ஃபர்மேஷன் லெட்டர் கைல இருக்கும்" என்றார் பிரசன்னா.

வீட்டுக்கு வந்து ரசம் வைத்தேன். பனியன் கம்பெனியில் துணி செக்கிங்கில் இருக்கும் அம்மாவுக்கு இன்றும் ஒன்றரை ஷிப்ட். அது வேறு கம்பெனி. இந்த ஆப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஜூன் 4, புதன்

கம்பெனிக்கு நேரில் போய்ப் பார்க்கலாமா என்று பிரசன்னாவுக்கு மெசேஜ் அனுப்பினேன். இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு மெசேஜ். "போ, போ" என்று கையை ஆட்டினார்.

டீ நேரத்தில் தூண் ஓரமாக நின்று பார்த்தேன். தையல் பகுதியில் இருநூறு பெண்கள் இருப்பார்கள். வாசல் பக்கத்தில் இரண்டு டேப்லெட்டுகள் மாட்டியிருக்கின்றன. அவற்றுக்கு நேர் எதிரே எச்.ஆர். மேனேஜர் தனசேகரின் கண்ணாடி அறை. டெய்லர்களில் பாதிப் பேர் ஊசி குத்தாமல் இருக்க ஆள்காட்டி விரலில் பனியன் துணிக் கிழிசலைச் சுற்றியிருக்கிறார்கள். துணி சுற்றிய விரலை டேப்லெட் உணராது. அதனால் விரலை மடக்கி, கணுவால் தட்டுகிறார்கள். கணு வழுக்குகிறது.

டேப்லெட்டில் பட்டன் ரெடிமேடாகவே கிடைக்கும். வைத்தால் போதும், தொட்டால் நிறம் மாறும், டிக் என்று சத்தம் வரும். எல்லாம் யாரோ எழுதி வைத்தது. ஆனால் தொட்ட விரல் கொஞ்சம் நகர்ந்தால், இவர் திரையைத் தள்ளுகிறார் என்று நினைத்து, அமுக்கியதைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடும். எழுதியவர் கணுவால் தட்டுகிற ஆளை நினைத்திருக்க மாட்டார்.

சங்கரன்கோயில் பக்கத்து ஊர்க்காரரான பேச்சியம்மாள் என்ற டெய்லர் என்னைப் பார்த்து, "என்ன பிள்ள, புதுசா சேந்திருக்கியா? மிஷின்ல உக்கார வேண்டியதுதான, ஏன் தூணப் பிடிச்சிட்டு நிக்க?" என்றார். ஆப் செய்கிற ஆபீஸிலிருந்து வருகிறேன் என்றேன். "அப்பம் நீதானா அது!" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். பாராட்டா திட்டா தெரியவில்லை.

ஜூன் 6, வெள்ளி

ரெடிமேட் பட்டனைத் தொடவே இல்லை. அதிலிருந்து ஒரு சப்கிளாஸ் எடுத்தேன். காலேஜில் படித்தபோது இது பரீட்சைக் கேள்வி மட்டும்தான்: ஏற்கெனவே இருக்கிற ஒன்றின் குணம் எல்லாவற்றையும் அப்படியே வாங்கிக்கொண்டு, நமக்கு வேண்டியதை மட்டும் மாற்றி எழுதுவது. நான் மாற்றியது ஒரே இடம். விரல் நகர்ந்தாலும் பட்டனுக்குள்ளேயே இருந்தால் அது அமுக்கியதுதான்.

மதியம் டெஸ்ட் செய்யும் ஷாஹிதா அக்கா கூப்பிட்டார். "ஏம்மா, இது பட்டனா, பொணமா? அமுக்கறேன், பதிவாகுது. ஆனா நிறமும் மாறல, சத்தமும் வரல. எப்படித் தெரியும் எனக்கு?"

பிரசன்னா எட்டிப் பார்த்தார். "பேரன்ட்டை, அதான் அந்தப் பழைய பட்டனை, கூப்பிடாம விட்டுட்ட. நீ ஒரு வேலைய மாத்தி எழுதினா, பழைய பட்டன் அங்க செஞ்சுட்டிருந்த வேலை எல்லாம் நின்னு போயிரும். உன் வேலைய முடிச்சுட்டு, 'இனி நீ செய்யறத செய்'னு பேரன்ட்டுக்கு ஒரு வரி எழுதோணும். ஃபர்ஸ்ட் இயர் பசங்க பண்ற தப்பு இது."

அந்த ஒரு வரியை எழுதினேன். டிக்.

ஜூன் 8, ஞாயிறு

குழாயில் தண்ணீர் வந்தது. எல்லாக் குடமும் நிறைத்தாயிற்று. அம்மாவின் கால் வீக்கத்துக்கு வெந்நீர்.

ஜூன் 10, செவ்வாய்

கம்பெனியில் புது ஆப் ஏற்றியாயிற்று. கணுவால் தட்டினாலும் டிக். ஒருவர் தட்டிவிட்டுத் திரும்பி, பின்னால் நிற்பவரிடம், "ஏ, இது கேக்குதுடி!" என்றார். பஸ்ஸில் வரும்போது யாரும் பார்க்காதபடி ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

ஜூன் 13, வெள்ளி

தனசேகர் போன் செய்திருக்கிறார். பாராட்டுவதற்கு இல்லை. மூன்று நாளாக 'வேண்டாம்' கூடிவிட்டதாம். தையல் பகுதியில் பாதிப் பேர் ஒரு ஷிப்டோடு கிளம்பிவிடுகிறார்களாம்.

எனக்குப் புரியவில்லை. நான் பட்டனைத்தானே சரிசெய்தேன், மனசையா மாற்றினேன்? ஆப்பின் பழைய கோடிங்கைத் திறந்து பார்த்தேன். எனக்கு முன்பிருந்த யாரோ எழுதிய ஒரு வரி இருந்தது. பதில் எதுவும் பதிவாகவில்லை என்றால், சம்மதம்.

அப்படியென்றால் இத்தனை மாதமாகக் கணு வழுக்கிய ஒவ்வொருவரும் சம்மதித்திருக்கிறார்கள்.

பிரசன்னாவிடம் காட்டினேன். "க்ளையன்ட் கேட்டது அது. நீ பட்டனை மட்டும் பாரு" என்றார்.

ஜூன் 14, சனி

பிரசன்னா நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். டீ வேறு வாங்கித் தந்தார். அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

"சின்ன வேலை கோகி. உன்ற பட்டன்லிருந்தே இன்னொரு சப்கிளாஸ் எடு. அமுக்கிட்டு மூணு விநாடி விரல எடுக்காம இருந்தாத்தான் பதிவாகோணும். அத 'வேண்டாம்'ல மட்டும் வெச்சிரு. 'சம்மதம்' அப்படியே ஒரு தட்டு. அஞ்சு வரி."

"எதுக்குங் சார்?"

"தெரியாம கைபட்டு வேண்டாம்னு போயிருதாம்."

"சம்மதம்லயும் கைபடுமில்லைங்களா?"

அவர் டீயைக் குடித்தார். "மூணு விநாடி வெக்கோணும்னு அவங்களுக்குச் சொல்லப் போறதில்ல. தட்டிட்டுப் போயிருவாங்க. அப்புறம் அந்த 'பதில் இல்லைன்னா சம்மதம்'ங்கற டீஃபால்ட் வரி பாத்துக்கும். நீ ரொம்ப யோசிக்காத."

சரி என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. எனக்கும் தெரியாது.

ஜூன் 15, ஞாயிறு

அம்மா காலை நீட்டி உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். ஆபீஸில் என்ன செய்கிறாய் என்று கேட்டாள். முதல் தடவையாகக் கேட்டாள் என்பதால் எல்லாவற்றையும் சொன்னேன்.

"வேண்டாம்னு சொல்றதுக்குன்னே ஒரு பட்டனா?" என்று சிரித்தாள். "எங்களுக்கெல்லாம் சூப்பர்வைசர் வந்து, 'இருக்கறீங்கல்ல'ம்பான். அவ்வளவுதான். இல்லைன்னா அடுத்த வாரம் கூப்பிட மாட்டான்."

"அந்தப் பட்டனைக் கெடுக்கச் சொல்றாங்கம்மா."

அம்மா பூண்டை வைத்தாள். "அம்மிணி, உன்ற வேலைய நீ பாரு. அவங்க சொன்னதச் செஞ்சு குடுத்துட்டு லெட்டர வாங்கு. நம்ம வீட்ல ஒருத்தியாவது உக்காந்து சம்பாதிக்கறான்னு நான் நெனச்சுட்டு இருக்கறேன். அதுல மண்ணள்ளிப் போட்டுறாத."

"சரிம்மா."

அம்மாவின் கம்பெனியில் டேப்லெட் கிடையாது. இன்னொரு முறை எழுதுகிறேன், இது அம்மாவைப் பற்றியது இல்லை.

ஜூன் 16, திங்கள்

அந்த ஐந்து வரியை எழுதினேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. என் பட்டனின் எல்லா நல்ல குணமும் அதற்கும் வந்திருந்தது. கணுவை ஏற்றுக்கொள்கிறது, வழுக்கினால் விடுவதில்லை. அதற்கு மேல் மூன்று விநாடி.

ஷாஹிதா அக்காவை என் பின்னால் வரிசையில் நிற்பதுபோல் நிற்கச் சொன்னேன். எதிரே, இரண்டு மேசை தள்ளி, பிரசன்னா. 'வேண்டாம்' மேல் விரலை வைத்தேன். "சீக்கிரம்மா, டீ ஆறுது" என்று ஷாஹிதா அக்கா விளையாட்டுக்குச் சொன்னார். விரலை எடுத்துவிட்டேன். பதிவாகவில்லை. எழுதியவளுக்கே முடியவில்லை.

ஐந்து வரியையும் அழித்தேன். எழுந்து பிரசன்னாவின் மேசைக்குப் போனேன். மெசேஜ் அனுப்பவில்லை.

"நான் எழுத மாட்டேன் சார்."

"எது?"

"மூணு விநாடி. ரெண்டு பட்டனும் ஒரே மாதிரி இருந்தா எழுதறேன். ஒண்ணுக்கு மட்டும் எழுத மாட்டேன்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. மேசை பேசியது போலப் பார்த்தார். "நீ எழுதலைன்னா நான் எழுதப் போறேன். பத்து நிமிஷ வேலை. உனக்கென்ன லாபம் இதுல?"

"லாபம் இல்லைங் சார்."

"லெட்டர்?"

நான் திரும்பிப் போகவில்லை. அவர்தான் முதலில் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார்.

ஜூன் 17, செவ்வாய்

பிரசன்னாவே எழுதிவிட்டார். க்ளையன்ட் அவசரப்படுத்துகிறார் என்று டெஸ்டிங்குக்குக் கொடுக்காமலே ஏற்றச் சொல்லிவிட்டார். ஷாஹிதா அக்காவுக்குக் கோபம். "எனக்கென்ன சம்பளம் தண்டமா குடுக்கறாங்க?"

நான் அவருடைய கோடிங்கைப் படித்தேன். தொடுவதை மாற்றி எழுதியிருக்கிறார், விநாடியை எண்ணியிருக்கிறார். பேரன்ட்டைக் கூப்பிடும் வரி இல்லை.

என்னிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

நாளை மறுநாள் கம்பெனியில் புது ஆப் பற்றி ட்ரெயினிங் கொடுக்க வேண்டும். பெண்கள் பகுதி என்பதால் என்னைப் போகச் சொன்னார் பிரசன்னா. "ரெண்டு வார்த்தை பேசிட்டு வா. உனக்கு அதுக்கு மேல வராதுன்னுதான் அனுப்பறேன்" என்று சிரித்தார்.

ஜூன் 19, வியாழன்

டீ நேரத்துக்குக் கொஞ்சம் முன்பே மிஷின்களை நிறுத்தினார்கள். சூப்பர்வைசர், "மேடம் ஆப் பத்திச் சொல்லுவாங்க" என்றார். மேடம் நான்தான்.

பஸ்ஸில் பத்து தடவை சொல்லிப் பார்த்த வாக்கியம். வாயைத் திறந்தேன். முன்வரிசையில் இருந்த பேச்சியம்மாள், "கேக்கல பிள்ள" என்றார். மறுபடி சொன்னேன். "பின்னாடி இருக்கவங்களுக்குக் கேக்கல." யாராவது எனக்காகச் சத்தமாகச் சொல்லிவிடுவார்கள் என்று ஒரு கணம் பார்த்தேன். இங்கே ஷாஹிதா அக்கா இல்லை.

கத்தினேன். என் வாழ்நாளில் அப்படிக் கத்தியதில்லை.

"பச்சைப் பட்டன் ஒரு தட்டுல பதிவாயிரும். செவப்பு அப்படி ஆகாது. செவப்பு அமுக்கினா விரலை எடுக்காதீங்க. தட்டிட்டு உடனே எடுத்தா அது பதிவாகாது, நீங்க சம்மதிச்சதா ஆயிரும். அப்படித்தான் எழுதியிருக்கு. அதனால விரலை எடுக்காதீங்க."

கண்ணாடி அறையில் தனசேகர் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டார்.

"எம்புட்டு நேரம் வைக்கணும்?" என்று பேச்சியம்மாள் கேட்டார்.

"மூணு விநாடி. ஆனா ஆயிருச்சுன்னு காட்ட நிறம் மாறாது, சத்தமும் வராது. கொஞ்சம் கூடவே வெச்சிருங்க."

"சத்தம் வராதா? போன வாரம் வந்துச்சுல்லா?"

"இப்ப வராதுக்கா."

"அப்பம் நல்லா பெலமா வச்சுக்கிட வேண்டியதுதான்" என்று அவர் சுற்றி இருந்தவர்களைப் பார்த்தார். சிலர் சிரித்தார்கள்.

வெளியே வரும்போது தனசேகர், "ஏம்மா, உன்னை யாரு அனுப்பினது?" என்றார். பெயரைச் சொன்னேன். பிரசன்னா பெயரை இல்லை. என் பெயரை, முழுசாக.

ஜூன் 20, வெள்ளி

ஆபீஸில் யாரும் என்னோடு பேசவில்லை. ஷாஹிதா அக்கா மட்டும் தன் டிபனில் இருந்த சேமியாவில் பாதியை என் தட்டில் வைத்தார்.

ஜூன் 21, சனி

காலையில் பிரசன்னா எல்லார் முன்னாலும் கேட்டார். "ட்ரெயினிங்ல என்ன சொன்ன?"

"பட்டன் எப்படி வேலை செய்யுதுன்னு சொன்னேன்."

"மூணு விநாடி ஹோல்டு பத்தி உன்ன யாரு சொல்லச் சொன்னா?"

"அதச் சொல்லலைன்னா அது ட்ரெயினிங் இல்லைங் சார்."

யாரோ இருமினார்கள். வேண்டுமென்றே இருமியது போல இருந்தது.

அப்புறம்தான் விஷயமே தெரிந்தது. நேற்றும் அதற்கு முந்தைய நாளும் டீ நேரம் முடிந்து மணி அடித்த பிறகும் டேப்லெட் வரிசை முடியவில்லையாம். சிவப்பை அமுக்கியவர்கள் விரலை எடுக்கவே இல்லை. நிறம் மாறாததால் ஆயிற்றா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை. அதனால் ஒவ்வொருத்தியும் தனக்குத் திருப்தி வரும்வரை வைத்திருந்திருக்கிறாள். ஒருத்தி விரலை வைத்துக்கொண்டே பின்னால் இருப்பவளிடம் மகள் சடங்கு விஷயம் முழுவதையும் பேசி முடித்தாளாம். சம்மதம் சொல்ல வந்தவர்களும் அதே வரிசையில்தான் நிற்க வேண்டும். மிஷின்கள் சும்மா கிடந்தன. சூப்பர்வைசர் 'சீக்கிரம், சீக்கிரம்' என்றதற்கு, "ஆபீஸ்காரப் பிள்ளை எடுக்கக் கூடாதுன்னு சொல்லிருக்கு" என்றார்களாம்.

பிரசன்னா தன் கோடிங்கைத் திறந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பேரன்ட்டைக் கூப்பிடும் வரி இல்லாததைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

பேரன்ட் வரியைச் சேர்த்து, நிறமும் சத்தமும் வரவைத்து நேற்று அனுப்பினார்கள். பலனில்லை. டிக் சத்தம் வந்த பிறகும் அவர்கள் விரலை எடுப்பதில்லையாம். பழகிவிட்டார்களாம். தனசேகர் போனில் கத்தியது ஸ்பீக்கர் போடாமலே எங்களுக்குக் கேட்டது. "அந்தக் கருமத்த எடுத்துத் தொலைங்க! தட்டினாப் பதிவாகற மாதிரி பழசையே போடுங்க! எனக்கு மிஷின் ஓடோணும்!"

பிரசன்னா என்னிடம் வந்தார். "உன்ற பழைய பட்டனையே போட்டிரு. அந்த சப்கிளாஸை அழிச்சிரு."

"அதை எழுதினது நீங்கதானுங் சார். நீங்களே எடுத்திருங்க."

ஷாஹிதா அக்கா குனிந்து செருப்பைத் தேடுவது போல மேசைக்கு அடியில் போய்விட்டார்.

அவரே எடுத்தார். அவர் பெயரில், இன்றைய தேதியில்.

ஜூன் 30, திங்கள்

லெட்டர் தரவில்லை. ப்ரொபேஷன் இன்னும் மூன்று மாதம் நீட்டிப்பு. காரணம்: 'க்ளையன்ட்டிடம் பேசும் முறையில் முன்னேற்றம் தேவை.' ஆறு மாதம் நான் வாயே திறக்காமல் இருந்தபோது பேச்சில் யாருக்கும் குறை தெரியவில்லை.

கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். போட்டுவிட்டு, "பதில் வரலைன்னா சம்மதம்னு ஒரு வரி இருக்கு சார். அதை எப்ப எடுக்கறோம்?" என்று கேட்டேன். குரல் சின்னதாகத்தான் வந்தது. ஆனால் வந்தது.

"வெளிய போ கோகி" என்றார் பிரசன்னா. மீட்டிங் அறைக்கு வெளியே என்ற அர்த்தத்தில்தான்.

அம்மாவிடம் சொன்னேன். தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போய்விட்டாள். அம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. காலையில் இட்லிக்கு ஊற்றி, அவளுக்கும் டப்பாவில் கட்டி வைக்கப் போகிறேன்.

ஜூலை 2, புதன்

என் பட்டன் உள்ள ஆப் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்கக் கம்பெனிக்குப் போனேன். வேறு யாரும் போகத் தயாராக இல்லை. டீ நேரம். தனசேகர் கண்ணாடி அறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வரிசை வேகமாக நகர்ந்தது. பச்சை, டிக். சிவப்பு, டிக். சிவப்பு, டிக்.

பேச்சியம்மாள் வந்தார். அட்டையைக் காட்டினார். துணி சுற்றிய விரலை மடக்கி, கணுவைச் சிவப்பின் மேல் வைத்தார். டிக். கையை எடுக்கவில்லை. முகத்தைத் திருப்பி தனசேகரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னேன். "அக்கா, இப்ப ஒரு தட்டு போதும். விரலை எடுத்திரலாம். பதிவாயிருச்சு."

"தெரியும் பிள்ள, சத்தம் கேட்டுச்சு" என்றார், கண்ணை அங்கிருந்து எடுக்காமல். "அவரு பாத்துக்கிட்டுல்லா நிக்காரு. நல்லா பாக்கட்டும்."